முடுகு வண்ணமும் நள்ளிரவுச் சொல்லிசையும்

‘இரவு விடுதியும் தமிழிசையும்’ என்று மலர்க்குழு அன்பர்கள் தலைப்புக் கொடுத்தபோது திகைத்துப்போனேன். அத்தகைய இடத்தின் படி ஏறியவனல்லன் நான். ஆயினும் பிரிக்பீல்ட்ஸ் மக்கள் கேட்டு மறுப்பதெப்படி? கந்தன் விட்ட வழி.

இரவில் கூடிப் பாடுவது நமக்குப் புதிதன்று. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியின் 782 அடிகளுக்குள் நாளங்காடியோடு அல்லங்காடியையும் காட்டி, யாமத்துக்கு யாமம் ஊரின் ஒலி மாறுவதைக் கேட்கச் செய்கிறார். புறநானூற்றுப் பாணரும் வள்ளல்கள் ஊட்டிய கள்ளை மறுத்தவர்களல்லர். (வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். இளைஞர்கள் அதையும் படிக்க வேண்டும்.)

நான் சொல்ல விரும்புவது ஓசையைப் பற்றி. தொல்காப்பியர் செய்யுளியலில் 20 வண்ணங்களைச் சொல்கிறார். கடைசி இரண்டும் உருட்டு, முடுகு. உருட்டில் ஓசை தடையின்றி உருண்டோடும். முடுகிலோ அடி எங்கே முடிந்தது என்று தெரியாதபடி அதையும் கடந்து பாயும். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதப் பெருமான் இச்சந்த வித்தையைத் திருப்புகழில் உச்சிக்கு ஏற்றினார். நம் கந்தசுவாமி கோயிலில் பாட நிற்பவர் மூச்சு வாங்க இடமின்றித் திணறினால், குற்றம் அவருடையதன்று; அது முடுகின் வேலை.

இனி இரவு விடுதியின் பக்கம் வருவோம். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தம் சகோதரி நடத்திய விருந்தில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டு சுழற்றினார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை நீட்டிக்கொண்டே போவது அவருடைய உத்தி. அந்தத் தாளத்தின் மேல் பேச்சு ஏறி, ராப் எனும் சொல்லிசை ஆயிற்று. நம் ஊரில் போயட்டிக் அம்மோ என்ற சொல்லிசைக் குழு 1998இல் முதல் இசைத்தொகுப்பைத் தந்தது. அக்குழுவின் யோகி பி, 2006இல் நட்சத்திராவோடு ‘வல்லவன்’ தொகுப்பைக் கொணர்ந்த கதை இம்மலரைப் படிப்போர்க்குத் தெரியும். நான் வியப்பது வேறொன்று. ‘மடை திறந்து’ 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடல். ‘வல்லவன்’ தொகுப்பில் அதன் மேல் இவர்கள் கொட்டிய சொற்கள் அடி எல்லையை மதிக்கவில்லை; முடுகின் இலக்கணமும் அதுவே. ஆங்கிலக் கலப்பில் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு.

சொல்லிசைக்கு வரும் பிள்ளைகள் முதலில் திருப்புகழில் பத்துப் பாட்டை வாய்விட்டுப் பாடட்டும். அண்மையில் என் பேரன் காதில் மாட்டியிருந்ததை வாங்கி நானும் கேட்டேன். பாடுகிறவன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு முடிந்துவிட்டது.