வருஷபலம்

ஒருவர் பிறந்த கணத்தில் சூரியன் நின்ற ராசி, பாகை, கலைக்கே ஆண்டுதோறும் அவன் மீண்டு வரும் கணத்துக்கு லக்கினம் கணித்து, அவ்வாண்டுக்குரிய பலனை உரைக்கும் ஜோதிஷ முறை. பாரசீக, அராபிய மரபின் வழிவந்த தாஜிக சாஸ்திரத்தைச் சார்ந்தது. 1587-இல் இயற்றப்பட்ட ‘தாஜிக நீலகண்டி’ இதன் பிரதான நூல். ஜன்ம லக்கினத்திலிருந்து ஆண்டுக்கொரு ராசியாக நகரும் ‘முந்தா’ என்னும் புள்ளியும், அவ்வாண்டின் அதிபதியாகிய வருஷாதிபதியும் பலாபலனுக்கு ஆதாரம்.

முறையின் உயிர்நிலை கணிதமே. வாக்கியப் பஞ்சாங்க வருஷம் 365 நாள், 15 நாழிகை, 31¼ விநாழிகை கொண்டது. இன்றைய நட்சத்திர வருஷத்தைவிட ஏறத்தாழ 3 நிமிஷம் 20 விநாடி மிகுதியாதலால், முப்பத்தாறாம் வயதில் அவ்வேற்றுமை இரண்டு மணியளவாகி, வருஷ லக்கினமே ஒரு ராசி தள்ளிப்போய்விடுகிறது. ஒரே ஜாதகருக்கு இரு ஜோதிடர் இருவேறு பலன் கூறுவதில் வியப்பென்ன? எனினும் வாக்கிய முறை இகழத்தக்கதன்று. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், எழுத்தின் துணையின்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாய்பாடுகளால் சந்திர கிரகணத்தைக் கணித்த திறத்தை, ஜான் வாரன் 1825-இல் வெளியிட்ட ‘காலசங்கலித’த்தில் பதிந்திருக்கிறார். இப்பகுதியில் ஜோதிஷப் பயிற்சி பழமையானதாகவும் இருக்கலாம்: நிருபதுங்க பல்லவன் காலத்தில், புதுச்சேரியை அடுத்த பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விநிலையத்துக்குக் கிராமங்கள் அளிக்கப்பட்டதைச் செப்பேடு கூறுவதால், வேதாங்கமாகிய ஜோதிஷமும் அங்கே பயிலப்பட்டது என நினைக்க இடமுண்டு.

எனினும் புதுச்சேரிப் பகுதியின் வில்லியனூர், பாகூர் போன்ற தமிழ்க் கிராமங்களில் வருஷபலத்தைவிடப் பொதுவாகத் தசாபுத்தியும், கிரகங்களின் நடப்புச் சஞ்சாரத்தைக் கொண்டு பலன் கூறும் கோசாரமுமே வழக்கு. கோசாரத்தில், சனி சுமார் 29½ ஆண்டில் ஜன்ம ஸ்தானத்துக்கு மீள்வதையும், சந்திர ராசியை ஒட்டிக் கணக்கிடும் ஏழரைச் சனியையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. மங்கு சனி, பொங்கு சனி என்பன பின்னதன் சுற்றுகளே. காரைக்கால் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக்குத் திரளும் அன்பர்கள் பலர் நாடுவதும் ஏழரைச் சனிக்குரிய பரிகாரத்தையே.