உழைப்பு ஓர் ஊர், பேர் இன்னோர் ஊர்!

'கென்டக்கி ரைஃபிள்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கும் அந்தக்கால நீளத் துப்பாக்கி. ஆனால், அது பிறந்த இடம் கென்டக்கி இல்லை. பென்சில்வேனியா!

18-ம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் கொல்லர்கள் பிழைப்புத் தேடி அங்கே குடியேறினார்கள். கையோடு கொண்டுபோனது குட்டைக் குழலும் பெரிய குண்டும் கொண்ட வேட்டைத் துப்பாக்கி. மாதக்கணக்கில் காட்டில் அலைகிறவனுக்கு அது கட்டுப்படியாகுமா? ஈயத்தையும் மருந்தையும் அவனல்லவா சுமக்க வேண்டும்! எனவே, குண்டு சிறுத்தது. குழல் மூன்றரை அடிக்கு நீண்டது. குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்கள் குண்டைச் சுழலவிட்டன. குறி சுத்தம்!

கட்டைக்கு வரிவரியான மேப்பிள் மரம். அதில் எண்ணெய்த் துணி வைக்கச் சின்னதாக ஒரு குழி, பித்தளை மூடி. மூடியின் உச்சியில் டெய்சிப் பூ இருந்தால் பெரும்பாலும் லங்காஸ்டர் வேலை. கட்டையின் முதுகு கழுகு மூக்காக வளைந்தால் ரெடிங், லீஹை பக்கம். பட்டுப்புடவையைப் பார்த்து ஊர் சொல்கிற மாதிரிதான்!

சரி, கென்டக்கி எப்படி உள்ளே வந்தது? 1815-ல் நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஜாக்சன் பிரிட்டிஷ் படையை விரட்டினார். கென்டக்கி வேட்டைக்காரர்களைப் புகழ்ந்து ஒரு பாட்டு வந்தது. 1820-களில் செம ஹிட். துப்பாக்கிக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது.

தமாஷ் என்னவென்றால், அன்று பிரிட்டிஷாரை அதிகம் சாய்த்தது பீரங்கி. வந்துசேர்ந்த கென்டக்கிக்காரர்களில் பெரும்பாலோர் கையில் துப்பாக்கியே இல்லை!

நல்லவேளை, சில கொல்லர்கள் குழலின் மேல் தங்கள் பேரைச் செதுக்கி வைத்தார்கள். இல்லாவிட்டால் அதையும் கென்டக்கி கொண்டுபோயிருக்கும்!