மஞ்சள் கருவுக்குப் பயம் வந்த கதை

தெமட்டகொடையில் பொழுதுபட்டால் அப்பத்தாச்சிகள் சூடேறிவிடும். ஒரு கரண்டி மாவை விட்டு, தாச்சியைத் தூக்கி ஒரு சுழற்று. விளிம்பு மொறுமொறுவென்று வரும்போதே நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவார்கள். வெள்ளை இறுகி, மஞ்சள் தளதளவென்று நிற்கும் பதத்தில் எடுப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். அந்த மஞ்சளைத்தான் ஐம்பது தாண்டிய பலர் கோப்பையில் ஒதுக்கிவிட்டு எழும்புகிறார்கள், கொலஸ்ட்ரோலுக்குப் பயந்து.

பயத்தின் வேர் ரஷ்யாவில் இருக்கிறது. 1913இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் நிக்கொலாய் அனிச்கோவ் என்ற ஆய்வாளர், சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ரோலைக் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். அவற்றின் நாடிகளில் கொழுப்புப் படிந்தது. மருத்துவத்துக்கு அது மகத்தான கண்டுபிடிப்பு. ஆனால் முயல் இலைதழை தின்னும் பிராணி. இயல்பான உணவில் அதற்குக் கொலஸ்ட்ரோல் கிடையாது. எலியிலும் நாயிலும் அந்த விளைவு வரவில்லை. நமது உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது. உணவில் கூடினால் பெரும்பாலானோருக்கு ஈரல் தன் உற்பத்தியைக் குறைத்துவிடும்.

அப்படியிருந்தும் 1968இல் அமெரிக்க இதய சங்கம் கோடு கிழித்தது: நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் கூடாது. ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் உண்டு. இரண்டு சாப்பிட்டாலே கோடு தாண்டிவிடும். 1984இல் டைம் சஞ்சிகை இரண்டு பொரித்த முட்டைகளைக் கண்ணாக வைத்து ஒரு சோக முகத்தை அட்டையில் போட்டது. பயம் உலகம் சுற்றியது.

1999இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,18,000 பேரின் தரவுகளைப் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு முட்டைவரை சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. அமெரிக்க அரசின் 2015ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியில் 300 என்ற எல்லையே எடுபட்டது. 2019இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு முட்டை கூடக் கூட ஆபத்தும் சற்றுக் கூடுவதாகச் சொன்னது உண்மை. அதே ஆண்டில் இதய சங்கம், ஆரோக்கியமானவர்கள் நல்ல உணவோடு நாளுக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்றது.

நமது ஊரில் நான் கவலைப்படுவது முட்டையைச் சுற்றியுள்ளதைப் பற்றி. கெட்ட கொலஸ்ட்ரோலை அதிகம் ஏற்றுவது நிறைகொழுப்பு. ஒரு முட்டையில் அது ஒன்றரைக் கிராம் அளவுதான். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் பதினொரு கிராமுக்கும் மேல். கொத்து ரொட்டிக் கல்லில் ஊற்றும் எண்ணெயும், கட்டச்சம்பலில் சேரும் உப்பும் யார் கணக்கிலும் வருவதில்லை. அவித்த முட்டையோடு கீரையும் பருப்பும் சாப்பிடுகிறவர் மஞ்சளை வீசத் தேவையில்லை.

சீனி வருத்தக்காரர் நிலைமை வேறு. ஹார்வர்ட் ஆய்விலேயே அவர்களில் தினமும் முட்டை சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் கூடுதலாகத் தெரிந்தது. அவர்களும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும், வாரத்துக்கு எத்தனை என்பதைக் கிளினிக்கில் டொக்டரிடம் இரத்த அறிக்கையைக் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.