கூலி: ஊதியத்தின் பெயர் ஆளின் பெயரான வரலாறு

கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள வடக்கனந்தல் வட்டாரம் கரும்பு விளையும் நிலம். அண்டையிலுள்ள கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்குகிறது. கரும்புப் பருவத்தில் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டிக்கூலி என்னும் சொற்கள் அங்கே அன்றாட வழக்கு. இவற்றில் கூலி என்பது தரப்படும் பொருள். அதைப் பெறுபவர் அல்லர். ஆங்கிலத்திலோ ‘கூலி’ என்றால் ஆள். ஒலி ஒன்றாக இருக்கப் பொருள் இடம்மாறியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆங்கிலச் சொல்லின் தோற்றம் குறித்து மூன்று கருத்துகள் உண்டு. குஜராத்தின் கோலி என்னும் மக்கட்பிரிவின் பெயரே மூலம் என்பது ஒன்று. யூல், பர்னெல் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ (1886) இதன் பக்கமே சாய்கிறது. தமிழ்ச் சொல்லின் கலப்பையும் அது மறுக்கவில்லை. அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லான ‘குல்’ மூலம் என்பது மற்றொன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்குப் பொதுவான ‘கூலி’யே மூலம் என்பது மூன்றாவது. சீன மொழி இச்சொல்லை வாங்கியபோது, துன்பம், வலிமை எனப் பொருள்படும் இரு எழுத்துகளால் அதை எழுதிக்கொண்டது. ஒலிக்காக நேர்ந்த தேர்வாயினும் பொருளும் பொருந்திவிட்டது.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றைத் தள்ளுவதில் பெரும்பயன் இருப்பதாகத் தோன்றவில்லை. முதற்கருத்து இனத்தையும், இரண்டாவது அடிமை நிலையையும், மூன்றாவது ஊதியத்தையும் சுட்டுகிறது. காலனிய ஆட்சி இச்சொல்லை ஆண்டபோது இம்மூன்றும் அதனுள் ஒருங்கே இருந்தன.

தமிழ்ச் சான்று தெளிவானது. திருக்குறளின் 619ஆம் குறளில் உடல் வருந்திய முயற்சிக்குக் கிடைக்கும் பயனே கூலி. வீட்டு வாடகை குடிக்கூலி. பொற்கொல்லர் பெறுவது செய்கூலி. ஆளைச் சுட்டக் கூலியாள், கூலிக்காரர் எனத் தனிச்சொற்கள் உள்ளன. எனினும் ‘கைக்கூலி’ ஒரு தடை எழுப்புகிறது. முன்பு லஞ்சத்தைக் குறித்த அச்சொல் இன்று பிறருக்கு விலைபோனவரைக் குறிக்கிறது. ஆகவே பணத்தின் பெயர் ஆளுக்கு ஏறுவது தமிழுக்கும் புதிதன்று. ஆனால் கைக்கூலி ஒருவரது செயலைப் பழிக்கிறது. ஆங்கிலக் ‘கூலி’ பிறப்போடு ஒட்டியது. வேறுபாடு அங்கேதான்.

கூலிக்கு எதிர்நிலையில் நின்ற சொல் ‘வெட்டி’. சோழர் கல்வெட்டுகளில் அது ஊதியமின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு; இன்றைய பேச்சில் ‘வெட்டிவேலை’ பயனற்ற வேலை. கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்களின் பிடியில் இருந்தது. மலைமக்கள் ஜாகீர்தாரருக்கு வரியோடு ஊதியமில்லா உழைப்பையும் அளித்தனர். அதே 1976இல் இயற்றப்பட்ட கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், தான் ஒழிக்கும் முறைகளின் பட்டியலில் படியாள், பண்ணையாள், வெட்டி ஆகியவற்றையும் பெயர்சுட்டிச் சேர்த்துள்ளது. இப்பின்னணியில் ‘கூலிக்குப் போகிறேன்’ என்று ஒருவர் சொல்வது இழிவன்று; உழைப்புக்கு விலை உண்டு என்னும் உரிமைக் கூற்று.

அந்த உரிமைதான் கடல் கடந்தபோது கழன்றது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை 1834இல் ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மொரிசியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் செல்லத் தொடங்கினர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டாலுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் தென்னார்க்காடும் ஒன்று. வடக்கனந்தல் அன்று அம்மாவட்டத்தில் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்க்குக் கூலி உண்டு; ஆனால் இடையில் வேலையை விட்டு நீங்கினால் சிறை. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்னும் சீட்டு தொழிலாளரின் கடனைச் சுமந்து அவரோடு தோட்டம் தோட்டமாக மாறியது. 1921இல்தான் அது ஒழிந்தது. கூலி கைக்கு வருமுன்பே கடனாகிவிடும் நிலையில், சொல்லில் எஞ்சியது ஆள் மட்டுமே.

நேட்டாலில் இச்சொல் தொழிலையும் கடந்தது. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள், வணிகர் ‘கூலி வணிகர்’ எனவும், தாம் ‘கூலி பாரிஸ்டர்’ எனவும் அழைக்கப்பட்டதைத் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். தமிழ்ப் பெயர்களின் ஈறான ‘சாமி’யும் அங்கே ஏளனச் சொல்லாயிற்று. அதற்குத் ‘தலைவன்’ என்று பொருள் என்பதை எடுத்துக்காட்டி மறுமொழி கூறியோரும் இருந்தனர். பின்னாளில் மொரிசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி இவ்வசைச்சொல்லிலிருந்தே ‘கூலித்யூட்’ என்னும் கருத்தாக்கத்தை உருவாக்கினார்.

ஆங்கிலப் பொருள் இப்போது தமிழுக்கும் திரும்பியுள்ளது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தகைய நிகழ்வுகள் பற்றிய செய்திகளில் மரம் வெட்டச் சென்றோர் ‘கூலிகள்’ ஆகிவிடுகின்றனர். தமிழின் பழவழக்கில் ‘கூலிகள்’ என்றால் பலவகை ஊதியங்கள், ஆட்கள் அல்லர். காலனிய ஆவணங்களைத் தமிழாக்குவோர்க்கும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆவணத்தின் ‘கூலி’யை அப்படியே தமிழில் எழுதினால் வசை ஊதியமாக மறைந்துவிடும், ‘தொழிலாளர்’ என்று மாற்றினாலோ அது தடமின்றி அழிந்துவிடும். மேற்கோளில் ‘கூலி’ என்பதைக் குறியிட்டுக் காட்டி, ஆய்வாளரின் சொந்த நடையில் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்று எழுதுவதே பொருத்தம்.