வேடந்தாங்கல் ஏரியும் அரசின் கருவூலமும்

காட்டுயிர்களைக் காப்பதற்கு அரசு ஏன் பொருள் செலவிட வேண்டும்? மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் இன்னும் போதாதிருக்கும் நாட்டில், புலிக்கும் நாரைக்கும் வரிப்பணம் எதற்கு? இவ்வினா நியாயமானதே. இதற்கு விடை காண நம் தொண்டை நாட்டு ஏரி ஒன்றின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

நலிவுற்ற ஒன்றைக் காக்க அரசு பொருள் தருவது, பட்டு நெய்யும் ஆரணியில் வாழும் மாணவர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆலைத் துணியின் மீது கெஜத்துக்கு மூன்று தம்பிடி தீர்வை விதித்து, அவ்வருவாயைக் கதர், கைத்தறித் தொழில்களின் வளர்ச்சிக்கு ஒதுக்குவதற்கு 1953-ஆம் ஆண்டில் மத்திய அரசு சட்டம் இயற்றியது. ஆலை பெருகியதால் தறி நலிந்தது. ஆகவே ஆலைத் துணியே தறிக்குத் துணை நிற்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. அமெரிக்க நாடு 1937-இல் இதையொத்த முறையொன்றைக் காட்டுயிர்களின் பொருட்டு மேற்கொண்டது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது தண்டிய தீர்வையை, மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பகிர்ந்தளித்தது. பொருளை யார் தருவது, அது யாரைச் சென்று சேர்வது என்னும் இரண்டு வினாக்களும் இத்தகைய உதவிகள் அனைத்திலும் எழுகின்றன.

இனி, நம் ஏரிக்கு வருவோம். ஆரணியிலிருந்து கிழக்கே வந்தவாசியைக் கடந்து மதுராந்தகம் வட்டாரத்தை அடைந்தால், வேடந்தாங்கல் என்னும் சிற்றூரைக் காணலாம். அதன் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. வடகிழக்குப் பருவமழையால் நீர் நிறைந்ததும், நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் வக்காவும் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்த அந்நீர் மதகு வழியே வயல்களுக்குப் பாய்கிறது. பறவை பெருகினால் நெல் விளையும் என்பதை அவ்வூர் உழவர்கள் பல தலைமுறைகளாக அறிந்திருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் திரண்டு சென்று செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். அக்காலத்தில் அப்பொறுப்பில் இருந்தவர் லயனல் பிளேஸ் என்பவர். பறவைகளுக்கு எவரும் ஊறு செய்தல் கூடாது என உறுதியளிக்கும் கவுல் ஒன்று ஊராருக்கு வழங்கப்பெற்றது. 1858-இல் அது புதுப்பிக்கவும் பெற்றது. கருவூலத்திலிருந்து காசு எதுவும் தரப்படவில்லை. அரசு தந்தது ஆணை. காவலை மேற்கொண்டவர்கள் ஊரார். அவர்கள் பெற்ற ஊதியம் விளைச்சல். அன்றைய நிலைக்கு இவ்வேற்பாடு போதுமானதாக இருந்தது.

காலம் மாறிற்று. வேடந்தாங்கல் 1936-இல் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையுள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய நீர்நிலைகளுள் ஒன்றாகவும் இவ்வேரி இடம்பெற்றது. இரசாயன உரம் கடைதோறும் கிடைக்கும் இக்காலத்தில், உழவர் பறவை உரத்தையே நம்பியிருக்கவில்லை. ஊரார்க்குரிய ஆதாயம் குறைந்தது. நாட்டுக்கும் உலகுக்கும் உரிய பெருமையோ வளர்ந்தது. வடபுலத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்து ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. எல்லோரும் துய்க்கும் நலனுக்கு ஒரு சிற்றூர் மட்டும் விலை கொடுப்பது முறையாகாது. காவலர் ஊதியம், ஏரிப் பராமரிப்பு, மரம் நடுதல் ஆகியவற்றின் செலவை அரசு ஏற்க வேண்டிய காரணம் இதுவேயாகும்.

பணம் செய்யவல்லதைப் புலியின் வரலாறு காட்டுகிறது. 1972-இல் எடுத்த கணக்கின்படி இந்தியாவில் இருந்த புலிகள் 1,827. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஒன்பது காப்பகங்களுடன் புலித் திட்டம் தொடங்கியது. மத்திய அரசும் மாநில அரசுகளும் செலவைப் பகிர்ந்துகொண்டன. இடையில் வீழ்ச்சிகளும் நேர்ந்தன. எனினும் 2022-ஆம் ஆண்டின் மதிப்பீடு 3,682 எனக் காட்டியது. எண்ணும் முறைகள் மாறியுள்ளமையால் இவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் அழிவின் விளிம்பிலிருந்து புலி மீண்டது என்பதில் ஐயமில்லை.

ஆனால், காவலுக்கு மட்டும் செலவிடும் பணம் முழுப் பயன் தருவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் களக்காடு–முண்டந்துறைக் காப்பகத்தில் 1990-களில் உலக வங்கியின் உதவியுடன் வேறொரு முறை கையாளப்பட்டது. காட்டையொட்டிய சிற்றூர்களில் வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. விறகு வெட்டிப் பிழைத்தவர்கள் வேறு தொழில் தொடங்கக் குழு நிதியிலிருந்து கடன் பெற்றனர். அவர்கள் திருப்பிச் செலுத்திய பணம் மற்றவர்களுக்குக் கடனாயிற்று. காட்டுக்குள் விறகுக்குச் செல்வோர் தொகை குறைந்தது. வேடந்தாங்கலில் எச்சமும் ஏரிநீரும் இயல்பாகச் செய்த உதவியை, இங்கே நிதி செய்தது எனலாம்.

சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிப் பறவைச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி தெரிவிக்கின்றனர். அவ்வினிப்பின் விலை சிறிது. விட்டுக்கொடுத்தவரை அரசு மறக்கவில்லை என்பதற்கு அது சான்றாகும்.

ஆகவே, வரவு செலவுத் திட்டத்தில் காட்டுயிர்க்கென ஒதுக்கிய தொகையைப் படிக்கும்போது, அதன் அளவை மட்டும் நோக்குதல் போதாது. யானை மிதித்த வயலுக்கு உரியவரும், புலி கொன்ற மாட்டுக்கு உரியவரும் அதில் தம் பங்கை உரிய காலத்தில் பெற்றனரா என்றும் கேட்டல் வேண்டும். கவுல் கேட்டுக் கலெக்டர் வாயிலுக்குச் சென்ற உழவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.