கோர்வேர் கார் புகார்களும் வாகனப் பாதுகாப்புச் சட்டமும்

வளைவில் ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தால், தவறு ஓட்டியவருடையதா, வண்டியுடையதா? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் சொல்லப்பட்டது: ஓட்டியவருடையது. வண்டியின் அமைப்பையும் விசாரிக்க வேண்டும் என்ற நிலை உருவாவதற்கு முக்கியக் காரணமாக இருந்த கார்களுள் ஒன்று செவர்லே கோர்வேர். அதன் சஸ்பென்ஷன் பற்றி எழுந்த புகார்களின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கார் பிறந்த சூழல்

1950களில் அமெரிக்கக் கார்கள் நீண்டும் பெருத்தும் இருந்தன. ஆனால் ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற சிறிய கார்களை மக்கள் விரும்பி வாங்கத் தொடங்கினர். இந்தப் போட்டிக்கு விடையாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே பிரிவு, எட் கோல் என்பவரின் தலைமையில் கோர்வேரை உருவாக்கியது. 1959 அக்டோபரில் அது விற்பனைக்கு வந்தது.

இதன் எஞ்சின் பின்புறம் இருந்தது. ஆறு சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின் காற்றாலேயே குளிர்ந்தது, ரேடியேட்டர் தேவைப்படவில்லை. எடை குறைவு, உள்ளே தாராளமான இடம், புதுமையான தோற்றம் ஆகியவற்றால் கார் நன்றாக விற்றது. ஆனால் மொத்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்சக்கரங்கள் மீது விழுந்தது.

குறை எங்கே இருந்தது?

1960 முதல் 1963 வரையிலான மாடல்களின் பின்சக்கரங்களுக்கு ‘ஸ்விங் ஆக்சில்’ எனப்படும் ஊசல் அச்சு பொருத்தப்பட்டிருந்தது. இதில் ஒவ்வொரு அச்சும் உட்புற முனையில் மட்டுமே மடங்கும். வெளிமுனையில் சக்கரம் அச்சுடன் இறுகப் பிணைந்திருக்கும். இதை ஒரு சிறு செய்முறையால் புரிந்துகொள்ளலாம். கையைப் பக்கவாட்டில் நீட்டி, சுவரில் பதிப்பதுபோல் உள்ளங்கையை நிமிர்த்துங்கள். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையைக் கீழே இறக்குங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதி உடலை நோக்கிச் சாய்வதைக் காணலாம். தோள்தான் வண்டி, உள்ளங்கைதான் சக்கரம்.

வேகமாக வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மீது விழும் விசை வண்டியின் பின்பகுதியை மேலே தூக்கும். அப்போது அச்சு கீழ்நோக்கிச் சாய்ந்து, சக்கரத்தின் அடி வண்டிக்கு உள்ளே மடியும். டயர் சாலையைப் பற்றும் பரப்பு குறையும். வண்டியின் பின்பகுதி வெளியே வழுக்கிச் செல்லும். சில வேளைகளில் வண்டி கவிழவும் கூடும். பயந்துபோன ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால் நிலைமை மேலும் மோசமாகும்.

ஊசல் அச்சு கோர்வேருக்கு மட்டும் உரியதன்று. பீட்டில், ரெனோ டோஃபின் போன்ற ஐரோப்பியக் கார்களிலும் அது இருந்தது. ஆனால் முன்புற எஞ்சின் வண்டிகளையே ஓட்டிப் பழகிய அமெரிக்கர்களுக்கு இந்த நடத்தை புதிது.

கையேட்டில் ஒளிந்திருந்த பாதுகாப்பு

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க முன்புறம் ஒரு நிலைப்படுத்தும் கம்பி பொருத்தலாம். தொடக்க மாடல்களில் அது இடம்பெறவில்லை. மாறாக, டயர்களின் காற்றழுத்தத்தைக் கொண்டே நிறுவனம் சமநிலை காண முயன்றது. முன்டயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டும், பின்டயர்களில் 26 பவுண்டும் காற்று இருக்க வேண்டும் என்று உரிமையாளர் கையேடு கூறியது.

மற்ற கார்களில் முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவு காற்றுதான். பெட்ரோல் நிலையத்தில் காற்று பிடிக்கும் ஊழியர் வழக்கம்போல் நான்கு டயர்களையும் ஒன்றாக நிரப்பிவிட்டால், உரிமையாளருக்கே தெரியாமல் வண்டியின் குணம் மாறிவிடும். கையேட்டின் ஒரு வரியில் உயிர்ப் பாதுகாப்பை வைக்கலாமா என்பதே புகார்களின் மையமாயிற்று.

1964 மாடலில் முன்புறக் கம்பியும், பின்புறம் குறுக்குவாட்டு வில்பட்டையும் சேர்க்கப்பட்டன. 1965 மாடலில் பின்புற சஸ்பென்ஷன் முழுவதுமாக மாற்றப்பட்டது. ஆனால் ஏற்கெனவே விற்ற வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துத் திருத்தித் தரவில்லை.

வழக்குகளும் நேடரின் நூலும்

விபத்தில் சிக்கியவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் நீதிமன்றம் சென்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. சிலவற்றில் நிறுவனம் வென்றது. சிலவற்றில் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இவ்வழக்குகளை ஆராய்ந்த இளம் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர், 1965 நவம்பரில் ‘எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலொன்றை வெளியிட்டார். அதன் முதல் இயல் கோர்வேரைப் பற்றியது. எஞ்சிய இயல்கள் அமெரிக்கக் கார்த் தொழில் முழுவதையும் குற்றம்சாட்டின.

நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவ ஜெனரல் மோட்டார்ஸ் தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தியது. செய்தி வெளியானதும், 1966 மார்ச் 22 அன்று செனட் துணைக்குழுவின் முன் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் மன்னிப்புக் கேட்டார். பின்னர் நேடர் தொடர்ந்த வழக்கில், 1970இல் 4,25,000 டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

சட்டம் வந்தது

1966 செப்டம்பர் 9 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாகனங்களுக்குப் பாதுகாப்புத் தரங்களை விதிக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தால், தயாரிப்பாளர் அதை உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற கடமையும் வந்தது. 1974இல் செய்யப்பட்ட திருத்தம், குறையைக் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும் கட்டாயப்படுத்தியது.

கோர்வேரின் விற்பனை 1966இல் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே இறங்கியது. நேடரின் நூலோடு, 1964இல் வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் போட்டியும் இதற்குக் காரணம். 1969 மே மாதம் உற்பத்தி நின்றது.

1972 அறிக்கை

இவ்வரலாற்றில் பலர் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 1963 கோர்வேரை ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியன்ட், பீட்டில், டோஃபின் ஆகியவற்றுடன் ஒப்பிட்டுச் சோதித்தது. கட்டுப்பாட்டை இழப்பதிலோ கவிழ்வதிலோ அது சமகாலக் கார்களைவிட அசாதாரணமான ஆபத்துக் கொண்டதன்று என்று 1972இல் அறிக்கை அளித்தது. நேடர் அம்முடிவை ஏற்கவில்லை. கோர்வேரை நேசித்த உரிமையாளர்களும் பலர் இருந்தனர். அவர்களின் சங்கம் இன்றும் இயங்குகிறது.

அப்படியானால் புகார்கள் வீணா? அல்ல. கோர்வேர் மற்ற கார்களைவிட மோசமா என்பது ஒரு கேள்வி; அதற்கு 1972 அறிக்கை விடை சொன்னது. குறையும் அதற்கான திருத்தமும் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும், பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அது ஏன் சொல்லப்படவில்லை என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்வியில் உரிமையாளர்கள் ஓரளவு தோற்றார்கள் என்று கொண்டாலும், இரண்டாவதில் சட்டம் அவர்கள் பக்கமே நின்றது. இன்று அமெரிக்காவில் ஒருவர் தம் காரின் சஸ்பென்ஷன் பற்றிப் புகார் செய்தால், மேற்சொன்ன பாதுகாப்பு நிர்வாகம் அதைப் பதிவு செய்கிறது. ஒரே வகைப் புகார்கள் பல வந்தால் விசாரணை தொடங்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. 1960இல் கோர்வேர் வாங்கியவருக்கு இந்த வழி இருக்கவில்லை.