பறவை காணாத பார்வை: சிகாகோ, 1857

பழைய அமெரிக்க நகரங்களின் பறவைப் பார்வைப் படங்கள் இன்று சுவர் அலங்காரமாகப் பரவலாக விற்பனையாகின்றன. மங்கிய பழுப்புத் தாளில் கட்டம் கட்டமாகப் பிரிந்த தெருக்கள், புகை கக்கும் ஆலைகள், ஆற்றில் நெருங்கி நிற்கும் கப்பல்கள் ஆகியவற்றைக் காண்போர், நகரம் அன்று இப்படித்தான் இருந்தது என எளிதில் நம்பிவிடுகின்றனர். வரலாற்று மாணவர் அவ்வாறு நம்புவதற்கு முன் ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். இப்படங்கள் காலப்போக்கில் சுவர் அலங்காரமாக மாறியவை அல்ல. சுவரில் மாட்டுவதற்கென்றே வரையப்பட்டவை.

19ஆம் நூற்றாண்டில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. ஓவியர் ஊருக்கு வருவார். முன்பணம் செலுத்தும் சந்தாதாரர்கள் திரட்டப்படுவர். பின்னர் அவர் தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பையும் குறித்துக்கொள்வார். தெருத் திட்டப்படத்தை ஓர் உயரமான கற்பனைப் புள்ளியிலிருந்து பார்ப்பதுபோல் சாய்த்து வரைந்து, அதன்மேல் கட்டடங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார். முடிந்த ஓவியம் கல்லச்சில் பதிக்கப்படும். பெரும்பாலான படங்களில் பலூனுக்கு வேலையே இல்லை. வானிலிருந்து பார்ப்பதுபோன்ற காட்சி, தரையில் நடந்த கால்களால் உருவானது. இத்துறையில் நானூறுக்கும் மேற்பட்ட படங்களை ஆக்கிய தாடியஸ் மார்ட்டிமர் ஃபௌலர், உள்நாட்டுப் போரில் காயமுற்ற முன்னாள் படைவீரர்.

வாங்குவோர் உள்ளூர் வணிகர்களும் நில உரிமையாளர்களும் ஆவர். தம் ஊர் வளர்கிறது என்பதை முதலீட்டாளருக்கும் குடியேறுவோருக்கும் காட்ட அவர்கள் விரும்பினர். ஆகவே ஆலைப்புகை இங்கு மாசு அன்று, செழிப்பின் கொடி. இன்னும் முழுமையாகக் கட்டப்படாத கட்டடம்கூடச் சில படங்களில் நிமிர்ந்து நிற்கும்.

இப்பின்னணியில் ஜேம்ஸ் பாமட்டரி வரைந்த 1857ஆம் ஆண்டுச் சிகாகோ படத்தை அணுகலாம். மிச்சிகன் ஏரியின் மேலிருந்து மேற்கு நோக்கும் பார்வை அது. 1848இல் கால்வாயும் முதல் இருப்புப்பாதையும் வந்தபின் நகரம் வியக்கத்தக்க வேகத்தில் பெருகியது. 1850இல் ஏறத்தாழ 30,000ஆக இருந்த மக்கள்தொகை, 1870இல் ஏறத்தாழ 2,99,000 ஆயிற்று. அந்தப் பாய்ச்சலின் நடுவே எடுத்துக்காட்டப்பட்ட ஒரு கணமே பாமட்டரியின் படம்.

ஆனால் அதே ஆண்டின் வேறு சில உண்மைகள் எந்தப் பறவைப் பார்வைக்கும் எட்டாதவை. சதுப்பு நிலத்தில் எழுந்த அந்நகரில் கழிவுநீர் வடிய வழியில்லை. 1854ஆம் ஆண்டுக் காலராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வடிகால் அமைப்பதற்காகத் தெருக்களின் மட்டத்தையே உயர்த்தும் பணி 1850களின் நடுப்பகுதியில் தொடங்கியிருந்தது. மேலிருந்து நோக்கும் கண்ணுக்குச் சேறும் நாற்றமும் மேடுபள்ளமும் தென்படுவதில்லை.

1857 ஏப்ரல் 20 அன்று நகரத்தலைவர் ஜான் வென்ட்வொர்த் காவலர்களுடன் சென்று, ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே இருந்த ‘சாண்ட்ஸ்’ என்னும் குடிசைப் பகுதியை இடித்துத் தள்ளினார். சூதும் பாலியல் தொழிலும் நடந்த இடம் எனப் பெயர்பெற்ற அப்பகுதியின் நிலத்தின் மீது, பெருஞ்செல்வரான வில்லியம் ஆக்டன் உரிமை பெற்றிருந்தார். குடிசைவாசிகள் வெளியேற்றப்பட்டனர். அவ்விடத்தைப் படத்தில் காண்போர் நிலம் இருப்பதை அறிவர். அது யாரிடமிருந்து, எவ்வாறு விடுவிக்கப்பட்டது என்பதை அறியார். அதற்கும் முன்னர், 1833ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியே அப்பகுதியில் எஞ்சியிருந்த தம் நிலங்களையும் இழந்த பொட்டவாட்டமி மக்களின் நிலையும் இத்தகையதே.

அப்படியெனில் இப்படங்களைப் பொய்யென ஒதுக்கிவிடலாமா? அதுவும் பிழையாகும். 1871 அக்டோபரில் பரவிய பெருந்தீ நகரின் மையப்பகுதியை விழுங்கியது. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். நீதிமன்றக் கட்டடத்தோடு அரசுப் பதிவேடுகளும் சாம்பலாயின. அதன்பின், தீக்கு முந்தைய சிகாகோவை ஒரே பார்வையில் காட்டும் அரிய சான்றுகளுள் ஒன்றாகப் பாமட்டரியின் படம் நின்றது. விளம்பரமாகப் பிறந்தது ஆவணமாக எஞ்சியது. 1874இல் நியூயார்க்கின் கரியர் அண்டு ஐவ்ஸ் நிறுவனம், மீண்டெழுந்த சிகாகோவைப் புதிய பறவைப் பார்வையில் வெளியிட்டது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் எரிந்த நகரத்தின் மீது முதலீட்டாளருக்கு நம்பிக்கையூட்ட இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறென்ன இருக்க முடியும்?

ஆகவே ஆய்வாளரின் பணி இப்படங்களை நம்புவதோ மறுப்பதோ அன்று. பிற சான்றுகளோடு வைத்துப் படிப்பது. வரி ஏடும் இறப்புப் பதிவும் நாளிதழும் சொல்வதைப் படத்தின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போது படம் காட்டும் தெருக்களுக்கு இணையாக, அது காட்டாமல் விட்டவையும் துலங்கும். ஒரு நகரம் தன்னைப் பிறர் எவ்வாறு காண வேண்டுமென விரும்பியது என்பதற்கு இப்படங்களே முதன்மைச் சான்று. அந்த விருப்பத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைத் தேட, ஓவியர் நடந்த அதே தெருக்களுக்கு நாம் மீண்டும் இறங்கித்தான் ஆக வேண்டும்.